துளசிமணியின் அறுபத்து மூன்று புகைகள்

மாவடிப்பள்ளத்தில் புகை கலையாமல் நிற்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில். வெள்ளியங்கிரியின் தென்னந்தோப்பில், கிழக்கு வரப்பிலிருந்து பதினோராவது மரத்தடியில், துளசிமணி புல் வெட்டும் மெஷினை ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி முடித்துவிட்டு, அடுத்த டேங்குக்குப் பெட்ரோலோடு டூ டி ஆயில் என்கிற இஞ்சின் எண்ணெயைக் கலக்கக் குனிந்து நிமிர்ந்தபோது, சைலன்சரிலிருந்து அதுவரை வந்த புகை மொத்தமும் ஓரிடத்தில் கூடி, ஒரு பெண்ணின் உயரத்துக்கு எழுந்து, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நின்றிருந்தது. முகம் என்று எதுவும் இல்லை. மற்றபடி இடுப்பில் சேலையைச் செருகிய விதம், மெஷின் சுமந்து சுமந்து சாய்ந்துபோன தோள், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற பழக்கம், எல்லாம் இருந்தன.

"இது உன்னையாட்டவே நிக்குது துளசி" என்றாள் வேலாத்தாள். அவள் வெட்டிய புல்லை வாரிக் குவிக்கிறவள், ஐம்பது வயது.

"எண்ணெய் கலக்குனது நாந்தானுங்க, பின்ன யாராட்ட நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துளசிமணி கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினாள். மத்தியானத்துக்குமேல் மழை வரும்போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்தபோது ஓட்டிய மூன்று டேங்குக்கு மூன்று புகைப் பெண்கள் அவள் பின்னால் வரிசையாக நடந்தார்கள். ஊருக்குள் வந்து பார்த்தால், தக்காளிக்கு மருந்து அடிக்கிறவர் பின்னால் முதுகில் டேங்கோடு இரண்டு புகைகள் வந்துகொண்டிருந்தன. மரம் அறுக்கிறவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் அவரைவிடக் கனமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மெஷினை ஓட்டினவர் யாராக இருந்தாலும், எண்ணெய் அளந்து ஊற்றிய கை யாருடையதோ அவரைப் போலத்தான் புகை நிற்கும் என்பதும், ஒரு டேங்குக்கு ஒரு புகை என்பதும் இரண்டே நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், முதல் வாரம் இருமியது, இரண்டாம் வாரம் இடம் ஒதுக்கியது. கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குள் புகை வரக் கூடாது என்று பஞ்சாயத்தில் பேசி முடிவானது. புகைகளும் அதைக் கேட்டுக்கொண்டவை போல, பொழுது சாய்ந்ததும் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டன, அதைப் பார்த்து ஆனைமலையிலிருந்து வரும் ஏழரை மணி பஸ் கூட்டம் இருக்கிறதென்று நின்று, கண்டக்டர் இறங்கி, டிக்கெட் எடுக்கிற ஆட்கள் இல்லை என்று கண்டு, விசில் அடித்துப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஒரு பெஞ்சைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்தார். நூறு நாள் வேலையில் தலை எண்ணுகிற அம்மா புகைகளை எண்ணுவதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். தரகர்கள் மாப்பிள்ளை பார்க்கப் போனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பையனுடைய புகையைப் பார்த்தார்கள். ஒல்லியான புகை என்றால் கைச்சிக்கனம், பருத்த புகை என்றால் கை நிற்காது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு.

அந்தக் கணக்குப்படி ஊரிலேயே பருத்த புகைகள் துளசிமணியுடையவைதான். எண்ணிக்கையிலும் அவைதான் அதிகம். அவள் தெருவில் நடந்தால் ஊர்வலம் போவது போலிருக்கும்.

"அக்காவுக்கு மட்டும் ஊருல இத்தனை சொந்தக்காரங்க" என்பாள் மெஹருன்னிசா. வேலாத்தாளையும் சேர்த்து ஒன்றாக வேலை செய்கிற மூவரில் இளையவள் அவள். மெஷினைத் துளசிமணியோடு மாற்றி மாற்றி ஓட்டுகிறவள்.

"சொந்தக்காரங்கன்னா சோறு கேப்பாங்க. இவங்க பரவால்ல" என்பாள் துளசிமணி.

சிரித்தாளே தவிர அவளுக்கு உள்ளே ஒரு கலக்கம் இருந்தது. மூன்று பெண்களுக்கும் சேர்த்து இருந்தது ஒரே மெஷின். வெள்ளியங்கிரியின் இருபத்தைந்து ஏக்கர் தோப்பில் இந்த ஒரு தடவை புல் வெட்டிக் கொடுப்பதை அவர் ஒரு சோதனையாகத்தான் வைத்திருந்தார். தேங்காய் வெட்டுக்கு முன்னால் தோப்பு சுத்தமாக வேண்டும், விழுகிற காய் புல்லில் மறையக் கூடாது; அதைச் செய்து காட்டினால் வருஷம் முழுக்க வேலை அவர்களுக்கு, இல்லையென்றால் டிராக்டர் வைத்திருக்கிற பொள்ளாச்சிக்காரருக்கு. வருஷம் முழுக்க வேலை என்ற ஒன்றை அந்த மூவரில் ஒருத்தியும் அதுவரை பார்த்ததில்லை. மெஷினோ பத்து நாளாக இரண்டு இழுப்பில் கிளம்பாமல் ஆறு இழுப்பு கேட்டது. மேட்டில் புல் அடர்த்தியாக வந்தால் முக்கியது.

துளசிமணி எண்ணெயில் கஞ்சத்தனம் செய்ததே இல்லை. மெஷின் டேங்கில் ஒட்டியிருந்த காகிதத்தில் நாற்பது, இரண்டு புள்ளி, ஒன்று என்று போட்டிருந்தது. அதை ஊரில் எல்லாரும் படித்தது போலவே அவளும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி எண்ணெய் என்று படித்திருந்தாள். நாற்பதை அளந்து ஊற்றிய பிறகு அவள் கை தானாக இன்னொரு தடவை சாயும். கல்யாணத்துக்கு முன்னால் கீரை விற்றவள். ஒரு கட்டு விற்றால் நாலு தண்டு கொசுறு வைக்காமல் ஒருவரையும் அனுப்பினதில்லை. மெஷினும் நம்மிடம் வாங்கிக்கொள்கிற ஒரு ஜீவன்தானே, அளந்ததை மட்டும் கொடுத்தால் என்ன நினைக்கும் என்பது போல, நாற்பதுக்கு மேல் ஒரு இருபது மில்லியாவது போய்விடும். அத்தனை ஊற்றியும் கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகத்தான் ஆறுச்சாமி கடையில் டிரம்மிலிருந்து பிடித்துக் கொடுக்கிற சில்லறை எண்ணெயை வாங்கினாள். டப்பா எண்ணெயின் விலையில் அது பாதி. அதனால்தான் அவள் புகைகளுக்கு முகம் இல்லை என்று பின்னால் சிலர் சொன்னார்கள். டிரம் எண்ணெய் வாங்கின யாருடைய புகைக்கும் முகம் இருந்ததில்லை என்பது உண்மைதான்.

இருபத்தோராம் நாள், புகைகள் அறுபத்து மூன்று ஆனபோது, மரமேறிகளின் தலைவர் கனகராசு தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரியிடம் போய் நின்றார். துளசிமணி பக்கத்தில்தான் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டுக்கு நான் வர்லீங்க" என்றார் கனகராசு.

"ஏன், என்னாச்சு?"

"மேல இருந்து பாத்தா கீழ எங்க பாத்தாலும் துளசிமணிங்க. எது புகை, எது பொம்பளைன்னு தெரியல. நான் புகைன்னு நினைச்சுக் குலையைத் தள்ளி, அது நெசத் துளசிமணி தலையில விழுந்தா நான் யாருக்குங்க பதில் சொல்றது?"

வெள்ளியங்கிரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கோபக்காரர் இல்லை. கோபம் வராதவர்களிடம் பேசுவதுதான் துளசிமணிக்குக் கஷ்டம்.

"அம்மிணி, கேட்டியல்லோ. வர்ற வெசாழக்கெழமை வெட்டு. அன்னைக்குத் தோப்புல ஒரு புகை நிக்கக் கூடாது. மேக்கால இருக்கற புல்லும் தீந்திருக்கோணும். முடியலைன்னா இப்பவே சொல்லிப்போடு, டிராக்டருக்குச் சொல்லிக்கறேன். உன்மேல எனக்கு வருத்தமில்லை."

"முடிச்சுத் தர்றோமுங்க" என்றாள் துளசிமணி. எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

ஊரில் மற்றவர்களாயிருந்தால் மெஷினைத் திட்டியிருப்பார்கள், கோவிலுக்கு நேர்ந்திருப்பார்கள், புகையைத் துடைப்பத்தால் அடித்துக்கூடப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் அடித்தும் பார்த்தார்கள். துளசிமணி அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் ஆறுச்சாமி கடைக்குப் போனாள். அறுபத்து மூன்று பேரும் ரோட்டோரம் நின்றுகொண்டார்கள்.

"எத்தனை பிடிக்கட்டும்?" என்று ஆறுச்சாமி டிரம் குழாயில் கை வைத்தார்.

"பிடிக்க வேண்டாமுங்ணா. ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லுங்க. உங்க தோட்டத்துல உங்க சொந்த மெஷின் ஒண்ணு ஓடுதல்லோ, அதுக்கு நீங்க எதை ஊத்தறீங்க?"

ஆறுச்சாமி குழாயிலிருந்து கையை எடுத்தார். வெளியே பார்த்தார். வெளியே அறுபத்து மூன்று பேர் முகமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல வருஷமாக வியாபாரம் செய்கிறவர், ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. விலை என்ன, குறைக்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"பின்னால பாரு. எஃப், டி, ரெண்டு எழுத்து போட்டிருக்குது. அது இருந்தா கரி கம்மி, புகை கம்மி. பேர் எதுவா வேணாலும் இருக்கட்டும், அந்த ரெண்டு எழுத்தைப் பாத்து வாங்கு. பைக்குக்கு ஊத்தற பெரிய கம்பெனி எண்ணெய்னு பாத்து மயங்கிறாத. அது வேற இஞ்சினுக்கு."

"விலை?"

"டிரம்முக்கு ரெண்டு மடங்கு. சின்ன டப்பாவா வாங்குனா இன்னும் கூட. டப்பாவுக்கும் மூடிக்குமே பாதிக் காசு போயிரும். அஞ்சு லிட்டர் டப்பாவா எடுத்தீங்கன்னா குறையும், ஆனா உங்களுக்கு அத்தனை வேண்டாம். மூடி தெறக்காம வெச்சா எண்ணெய் வருஷக்கணக்கா இருக்கும். பெட்ரோல்ல கலந்துட்டா மட்டும் ஒரு மாசத்துக்குமேல வெக்காத."

"எவ்வளவு ஊத்தறது?"

"இருபத்தஞ்சு."

"மெஷின்ல நாப்பதுன்னு போட்டிருக்குதுங்களே."

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். "எனக்கும் அதை வெளக்கத் தெரியாது. கம்பெனிக்காரன் சொன்னான், நான் ஊத்தறேன். எட்டு வருஷமா ஓடுது."

அடுத்தவர் சொன்னதை மட்டும் நம்பி ஊற்ற அவளால் முடியவில்லை. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும், இஞ்சின் அதோடு முடிந்தது, இது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மறுநாள் காலையில் தோப்பு வாய்க்காலோரம் உட்கார்ந்து, ஆட்டுக்கு மருந்து புகட்டுகிற ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்து, அதில் இருபத்தைந்து கோடு வரை தண்ணீரை உறிஞ்சி, ஒரு லிட்டர் பாட்டிலில் பீய்ச்சத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று மெஹருன்னிசா சத்தமாக எண்ணினாள். பதினேழில் வேலாத்தாள் குறுக்கே புகுந்து என்ன விளையாட்டு இது என்று கேட்டு எண்ணிக்கையைக் குழப்பினாள், தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. நாற்பதாவது சிரிஞ்சில் பாட்டில் கழுத்துவரை நிறைந்தது.

துளசிமணி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது பங்கு பெட்ரோலு. அதுக்கு எண்ணெய் ஒரு பங்கு" என்றாள் மெதுவாக. "மில்லியே இல்லை மெஹரு அது. பங்கு."

"அப்ப இத்தனை நாளா?"

"இத்தனை நாளா மெஷினை எண்ணெய்ச் சட்டியில போட்டு வறுத்திருக்கறோம்."

சைலன்சரைக் கழற்றினார்கள். உள்ளே கரி, அடுப்புச் சட்டியின் அடியில் இருப்பது போல விரல் கனத்துக்குப் படிந்து, புகை போகிற ஓட்டை மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தக் காலைப்பொழுது முழுக்கச் சுரண்டினார்கள். மற்ற மெஷின்காரர்களிடம் துளசிமணி தானே வீடு வீடாகப் போய், பாட்டிலையும் சிரிஞ்சையும் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது தடவை பீய்ச்சிக் காட்டினாள். மூன்றாவது வீட்டில்தான் ஒருவர் நம்பினார், அதற்கப்புறம் எல்லாரும் நம்பினார்கள். எட்டு பேர் சேர்ந்து ஒரு ஐந்து லிட்டர் டப்பாவை எடுத்து, நல்ல பாட்டில்களில் பங்கு பிரித்துக்கொண்டார்கள். விலை இரண்டு மடங்குதான். ஆனால் அவள் ஊற்றி வந்த அறுபதுக்குப் பதில் இருபத்தைந்து. பழைய செலவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. மலிவு மலிவு என்று வாங்கி, இத்தனை நாளும் அதிகமாகச் செலவழித்திருந்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "நான் மூணு வருஷமா தப்பாத்தான் ஊத்துனேன்" என்று முதல் வரியாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். அவள் பேச்சை ஊர் எடுத்துக்கொண்டதற்கு அந்த முதல் வரிதான் காரணம் என்று இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் எல்லாருமே சொன்னார்கள்.

புதிய எண்ணெயை முதலில் கலந்தபோது இருபத்தைந்து கோட்டில் சிரிஞ்சை நிறுத்திவிட்டுத் துளசிமணி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் கொஞ்சம் சாயப் பார்த்தது. வேலாத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள், இஞ்சின் வெடித்துவிடும் என்று. இரண்டாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது. சைலன்சரிலிருந்து வந்தது ஊதுபத்தியின் புகை அளவுக்கு மெல்லிசாக வந்து, துளசிமணியின் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, எந்த உருவத்தையும் எடுக்காமல் காற்றில் போனது. எல்லா ஊரிலும் புகை எப்படிப் போகுமோ அப்படி. அதைப் பார்க்க மரமேறிகள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆனால் பழைய அறுபத்து மூன்று பேர் அப்படியேதான் இருந்தார்கள். துளசிமணி தோப்புக்குள் இருந்தால் அவர்களும் இருப்பார்கள். வியாழக்கிழமை விடிந்தபோது மேற்கே இன்னும் ஒரு ஏக்கர் புல் மிச்சமிருந்தது. கிழக்கே மரமேறிகள் மரம் தொட்டுக் கும்பிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணி மெஷினை மெஹருன்னிசாவின் தோளில் மாட்டிவிட்டாள். கலந்த பாட்டில் மூன்றைக் கொடுத்தாள். கொஞ்சம் தயங்கி, கலக்காத பெட்ரோலையும் எண்ணெயையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுத்தாள். எண்ணெய் கலக்குகிற வேலையை அவள் அதுவரை இன்னொரு கைக்கு விட்டதில்லை.

"நீங்க வர்லையாக்கா?"

"நான் வந்தா ஒரு ஊரே வரும். போ."

வாய்க்கால் கரையில், தோப்பு வேலிக்கு வெளியே அவள் உட்கார்ந்தாள். சுற்றிலும் அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து மேற்குப் பக்கம் தெரியாது, சத்தம்தான் கேட்கும். மெஷின் கிளம்பியது. அவளுக்கு அந்தச் சத்தத்தில் எல்லாம் தெரியும். இப்போது மேடு ஏறுகிறது, இப்போது தொட்டாற்சிணுங்கிப் புதர், இப்போது மெஹரு கை மாற்றுகிறாள். முதல் டேங்க் தீர்ந்தது, சத்தம் நின்றது, மறுபடி கிளம்பியது. இரண்டாவது. மூன்றாவது. பொழுது உச்சியைத் தாண்டியது. மூன்றாவதும் நின்றது. இனி அவள் கலந்தது இல்லை. அவள் எழுந்து நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, சிரிஞ்சால் அளக்கிறவள் இரண்டு தடவை சரி பார்க்கிற நேரம் கழித்து, மெஷின் கிளம்பியது. மெஹருன்னிசாவைப் போல ஒரு புகை எங்கேயாவது எழுகிறதா என்று துளசிமணி மரங்களுக்கு மேலே பார்த்தாள், எதுவும் எழவில்லை.

பிறகு, அரை மணி நேரம் ஓடியிருக்கும், சீராகப் போய்க்கொண்டிருந்த சத்தம் ஒரு தடவை இழுத்து, திக்கி, பட்டென்று நின்றது.

துளசிமணி காத்திருந்தாள். மறுபடி கயிறு இழுக்கிற சத்தம் வரவில்லை. ஒரு இழுப்புகூட வரவில்லை. பிஸ்டன் இறுகினால் கயிறு வராது, அவளுக்கு அது தெரியும். நான்தான் குறைத்துவிட்டேன், ஊர் முழுக்கப் போய்க் குறைக்கச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள். வேலி வரை நடந்தாள். ஒரு கால் உள்ளே வைக்கப் போனவள், பின்னால் அறுபத்து மூன்று பேரும் எழுந்து நடந்து வருவதைப் பார்த்து அந்தக் காலை அப்படியே இழுத்துக்கொண்டாள். உள்ளே மரத்தின் மேல் ஆட்கள் இருந்தார்கள்.

அப்போது மேற்கிலிருந்து தொம் என்று ஒரு குலை விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. புல் நிற்கிற இடத்தில் கனகராசு மரத்தில் கால் வைக்க மாட்டார். மூன்றாவது குலையையும் எண்ணிவிட்டுத் துளசிமணி வேலியோரம் உட்கார்ந்துகொண்டாள்.

மெஹருன்னிசா மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் புல் தூசியோடு வரப்பில் நடந்து வந்தாள். பின்னால் வேலாத்தாள் புல்வாரியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"ஏன் நின்னுச்சு?" என்று துளசிமணி கேட்டாள்.

"பெட்ரோல் தீந்துபோச்சுக்கா."

"மறுபடி கலந்து ஊத்தறதுக்கென்ன?"

"எதுக்கு?" என்றாள் மெஹருன்னிசா. "தோப்பும் தீந்துபோச்சு."